டர்போ வண்டிக்கு எத்தனை அங்குலக் குழாய்?

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் ஓடும் ஹைலக்ஸ், ட்ரைட்டன், டி-மேக்ஸ் பெரும்பாலும் டர்போ டீசல்தான்; புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. எக்ஸோஸ், அதாவது புகைக்குழாய், மாற்றப் போனால் பட்டறையில் முதலில் கேட்பது, "எத்தனை அங்குலம்?" உடனே சொல்லிவிடாதீர்கள்.

"கொஞ்சம் எதிரழுத்தம் (வெளியேறும் புகையைக் குழாய் தடுக்கும் அழுத்தம்) இருந்தால்தான் இழுவை" என்பார்கள். டர்போவுக்குப் பின்னால் அது துளியும் வேண்டாம். டர்பைனை, அதாவது டர்போவுக்குள் புகை தள்ளும் சக்கரத்தை, சுழற்றுவது அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் விகிதம். முன்னே 36 பிஎஸ்ஐ, பின்னே வெறும் காற்றழுத்தமான 14.7 என்று வையுங்கள். விகிதம் ஏறக்குறைய 2.45. குறுகிய குழாயால் பின்னே 3 பிஎஸ்ஐ கூடினால், அதே விகிதத்துக்கு முன்னே 43 வேண்டும். பின்னே 3 கூடினால் முன்னே 7! அந்தச் சுமையை எஞ்சின்தான் தள்ளுகிறது. டர்போ எழும்பத் தாமதம், சூடு, டீசலென்றால் கரும்புகை. திரும்பவும் சொல்கிறேன்: பின்னே 3, முன்னே 7.

அளவுக்கு வருவோம். கடையில் சொல்லும் அங்குலம் வெளிவிட்டம். தகடு 1.5 மில்லிமீட்டர் என்றால் இரண்டரை அங்குலக் குழாயின் உள்வாய் 60.5 மில்லிமீட்டர்தான். அரை அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள். இரண்டிலிருந்து இரண்டரைக்குப் போனால் புகை போகும் வழியின் பரப்பு 60 விழுக்காடு கூடும். இரண்டு இரண்டங்குலக் குழாய்களைவிட ஒரே மூன்றங்குலக் குழாய் பெரியது. ஜோடிக் குழாய் பார்வைக்குத்தான் ஜோர்.

தோராயக் கணக்கு: 200 குதிரைத்திறன்வரை இரண்டே காலோ இரண்டரையோ, 300வரை இரண்டரை, அதற்கு மேல் மூன்று. ஒரு லிட்டர் எஞ்சின் கொண்ட பெரோடுவா அத்திவா காருக்கு மூன்றங்குலம் போட்டால் இரைச்சல்தான் மிச்சம்.

பின்முனையில் நாலங்குலக் குண்டுவாய் மாட்டுகிறார்களே, அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. லயத்துக்குப் பின்னால் கால்வாயை எவ்வளவு அகலமாக வெட்டினாலும், நடுவில் மதகு குறுகலாக இருந்தால் மழைத்தண்ணீர் வாசலுக்குத்தான் வரும். எக்ஸோஸும் அப்படியே. மிகக் குறுகிய இடம்தான் கணக்கு. பெரும்பாலும் அது டர்போவை ஒட்டிய இறங்கு குழாய், அல்லது நசுங்கி வளைந்த முழங்கை. மேன்ட்ரல் வளைவா, அதாவது குழாய்க்குள் அச்சு வைத்து வளைத்ததா என்று கேளுங்கள். சாதாரண இயந்திரத்தில் வளைத்தால் உள்பக்கம் சப்பிப்போகும். கையில் காசு குறைவா? முன்பக்கத்தை முதலில் மாற்றுங்கள். புகை போகப் போக ஆறிச் சுருங்கும்; பின்பக்கம் அரை அங்குலம் சிறுத்தாலும் பாதகமில்லை.

சந்தேகமென்றால் அளந்து பாருங்கள். பெட்ரோல் வண்டியில் டர்போவுக்கு அடுத்துள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றினால் பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் மரை. அதில் ஒரு மீட்டர் செப்புக் குழாய், பிறகு ரப்பர் குழாய், 15 பிஎஸ்ஐவரை காட்டும் அழுத்த மீட்டர். நேராக ரப்பரை மாட்டினால் உருகிவிடும். மேட்டில், மூன்றாம் கியரில், முழு மிதி. மீட்டரைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். மீட்டர் காட்டுவது வெளிக் காற்றழுத்தத்துக்கு மேல் உள்ளதை மட்டும்; அது 1 பிஎஸ்ஐக்குள் என்றால் குழாயைத் தொடவே வேண்டாம். 3ஐத் தாண்டினால் மாற்றுங்கள்.

குழாயை அகலமாக்கியபின் பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், தானாக ஏறினால், டர்பைனுக்குப் போகாமல் மிச்சப் புகையை விலக்கும் கதவான வேஸ்ட்கேட்டால் அதை ஒதுக்க முடியவில்லை என்று அர்த்தம். பூஸ்ட் மீட்டரைக் கவனிக்காமல் மிதிக்காதீர்கள்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். துருவைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன்… ஒன்று மட்டும்: இரைச்சலை அடக்கும் மப்ளரின் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை, தண்ணீர் வடிய. செம்மண் பாதையில் குழாய் தரையைத் தட்டுகிறதா, பார்த்துக்கொள்ளுங்கள். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் சம்மன் இரைச்சலுக்கும் உண்டு. வணக்கம்.