மூன்றாவது வாரக் கணக்குத்தாள்

(வெளிநாட்டில் படிக்கத் திட்டமிடும் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம்.

மேடைக்கு வருவதற்கு முன்னால், வெளியே போட்டிருக்கும் மேசைகளை ஒரு சுற்று சுற்றி வந்தேன். கையேடுகள் எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. எதைப் பிரித்தாலும் ஒரு புல்வெளி, அதில் நாலு பேர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் வெளிநாட்டில் படித்தவன்தான். அந்தப் புல்வெளியில் மொத்தம் எத்தனை நாள் உட்கார்ந்தேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் தேறும். மீதியெல்லாம் நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் போனது.

தண்ணீரைச் சுத்திகரிக்கும் வித்தையைக் கற்கத்தான் கிளம்பிப் போனேன். படிப்பின் பெயர் சுற்றுச்சூழல் மேலாண்மை. பல்கலைக்கழகம், பெயரைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிற பல்கலைக்கழகம். முதல் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி வகுப்பில் ஆசிரியர் பலகையில் எழுதியது: வரவு, செலவு, தேய்மானம். கணக்குப் பதிவியல்! அறை மாறி வந்துவிட்டோம் போல என்று எழுந்து போய்க் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். சரியான அறைதான். அந்தப் படிப்பை நடத்தியது பிசினஸ் ஸ்கூல். அதை அவர்கள் இணையதளத்தில் ஒளிக்காமல் போட்டிருந்தார்கள். என்னை யாரும் ஏமாற்றவில்லை, நான்தான் பார்க்காமல் போனேன்.

நம்மில் பலர் முதலில் நாட்டை முடிவு செய்கிறோம். அப்புறம் அந்த நாட்டில் பேர்பெற்ற பல்கலைக்கழகம். கடைசியில், அங்கே இடம் கிடைக்கிற ஏதோ ஒரு படிப்பு. இந்த வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும் என்பது என் கட்சி. படிப்பு என்று நான் சொல்வது சான்றிதழில் அச்சடிக்கிற பெயரை அல்ல. முதல் செமஸ்டரில், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், நீங்கள் போய் உட்கார வேண்டிய அந்த நாலைந்து பாடங்களை.

மூன்று வருடங்களுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி அப்பாவுடன் வந்தாள். கையில் இரண்டு ஆஃபர் லெட்டர். இரண்டும் வேறு வேறு நாடு, படிப்பின் பெயர் மட்டும் ஒன்றேதான்: டேட்டா சயின்ஸ், மாஸ்டர்ஸ். அப்பாவுக்கு இரண்டாவதில்தான் கண். தரவரிசையில் அது அறுபது இடம் மேலே இருந்தது. “நீங்களே சொல்லுங்க சார்” என்றாள் அந்தப் பெண்.

நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு துறைகளின் பாடக் கையேட்டையும் இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்தோம். ஏதோ ஒரு பெயரில் இது எல்லா இடத்திலும் கிடைக்கும். ஜெர்மனியில் ‘மொடூல்ஹாண்ட்புக்’ என்பார்கள். ஒரு பாடத்தில் சேர்வதற்கு முன்னால் என்ன தெரிந்திருக்க வேண்டும், தேர்வு எழுத்தா வாய்மொழியா, எத்தனை மணி நேர உழைப்பு என்று எல்லாம் அதில் இருக்கும். ஐரோப்பிய முறையில் ஒரு வருடத்துக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். ஐந்து கிரெடிட் பாடம் என்றால் குறைந்தது 125 மணி நேரம் உங்கள் வாழ்க்கையிலிருந்து போகிறது. அப்படிப் பார்த்தால்தான் பாடத்தின் கனம் தெரியும்.

முதல் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு புள்ளியியல் துறையில் இருந்தது. நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், புள்ளியியல் அனுமானம் என்று முதல் செமஸ்டர் முழுக்கக் கணக்கு. இரண்டாவதில், என் கதை மாதிரியே, பிசினஸ் ஸ்கூல். பைதான் அறிமுகம், வரைபடம் தயாரித்தல், நிறுவன உத்தி, குழுவாகச் செய்யும் புராஜெக்ட். எது உசத்தி என்று கேட்காதீர்கள். இரண்டாவது வகையைப் படித்துவிட்டு நன்றாக இருப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஒன்றை நினைத்துக்கொண்டு போய் இன்னொன்றில் மாட்டினால் ஒரு வருடம் நரகம்தான்.

ஒரு பச்சைப் பேனாவைக் கொடுத்து, எந்தப் பாடத்துக்காகக் காலையில் எழுந்து ஓடுவாயோ அதற்கு மட்டும் கோடு போடு என்றேன். முதல் பட்டியலில் இரண்டு கோடு, அடுத்ததில் ஒன்று. ஆனால் அவள் பெயரைப் பார்த்துத்தானே கோடு போட்டாள்? அது போதாது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தரப்போவதாக 2001இல் அறிவித்தது. வகுப்புக் குறிப்பு, கணக்குத்தாள், தேர்வுத்தாள் எல்லாம் இன்றும் அங்கே கிடைக்கின்றன. அதில் நிகழ்தகவுப் பாடத்தை எடுத்து, மூன்றாவது வாரக் கணக்குத்தாளை அச்சடித்துக் கொடுத்தேன்.

ஏன் மூன்றாவது வாரம்? முதல் வாரம் எல்லோருக்கும் புரியும். இரண்டாவது வாரம் புரிந்த மாதிரி இருக்கும். மூன்றாவது வாரத்தில்தான் பாடம் தன் முகத்தைக் காட்டும். “சனிக்கிழமை காலையில் உட்கார். ஃபோனை அப்பாவிடம் கொடுத்துவிடு. விடை சரியா தப்பா என்று நான் கேட்கமாட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்து ஓடத் தோன்றுகிறதா, இல்லை பாதியில் நிற்கிற கணக்கை விட்டுவர மனசு வரவில்லையா, அதை மட்டும் வந்து சொல்” என்றேன். வரலாறு படிக்கப் போகிறவர்கள் கணக்குத்தாளுக்குப் பதில், அந்தத் துறை படிக்கச் சொல்லும் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நாற்பது பக்கம், அடிக்குறிப்போடு.

அவள் கதையை அப்புறம் முடிக்கிறேன். அந்த அறுபது இடத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

ஷாங்காய் தரவரிசை என்று ஒன்று 2003 முதல் வருகிறது. பழைய மாணவர்கள் வாங்கிய நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும் அதில் 10 சதவீதம், ஆசிரியர்கள் வாங்கியவற்றுக்கு 20 சதவீதம், நேச்சர், சயன்ஸ் என்ற இரண்டு இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு இன்னொரு 20. பாதி மதிப்பெண் இதிலேயே போய்விட்டது. உங்களுக்கு ஒன்பது மணி வகுப்பு எடுக்கப் போகிறவர் எப்படிப் பாடம் நடத்துவார் என்பதற்கு அதில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. ஆராய்ச்சிக்குப் போகிறவருக்குத் தரவரிசை உபயோகம்தான், அதுவும் துறைவாரியாகப் பார்த்தால். இளங்கலைக்குப் போகிற பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது வழிகாட்டி என்று நான் நம்பவில்லை.

நாட்டை எப்படிப் பார்ப்பது? விமான நிலையம், குளிர், சொந்தக்காரர் இருக்கிறாரா என்பதெல்லாம் இருக்கட்டும். அந்த நாடு உங்களுக்கு மனசு மாற எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று பாருங்கள். இங்கிலாந்தில் விண்ணப்பிக்கும்போதே பாடத்தைச் சொல்லிவிட வேண்டும். யூகாஸ் என்ற பொது விண்ணப்ப மையம் மூலமாக ஐந்து இடங்களுக்குப் போடலாம், ஆனால் ஐந்துக்கும் ஒரே தன்விளக்கம்தான் போகும். ஒன்றில் இயற்பியல், இன்னொன்றில் தத்துவம் என்று போட்டால் அந்த விளக்கம் இரண்டிடத்திலும் பல்லிளிக்கும். (ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே வருடத்தில் இளங்கலைக்கு விண்ணப்பிக்க முடியாது. கடைசி நாள் அக்டோபர் 15. இதைத் தெரியாமல் நவம்பரில் ஃபோன் செய்கிறவர்கள் வருடா வருடம் உண்டு.) ஸ்காட்லாந்தில் பொதுவாக நாலு வருடம், முதல் இரண்டு வருடம் பக்கத்துப் பாடங்களையும் தொட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பாடம் என்று சொல்லாமலே சேர்ந்து, இரண்டாம் வருட முடிவில் அறிவித்தால் போதும். இன்னும் முடிவு செய்யாத பிள்ளைக்கு அந்த இரண்டு வருடம் பெரிய வரம். ஆனால் அந்த வரத்துக்கும் கட்டணம் உண்டு என்பது தெரியும்தானே.

ஜெர்மனி இதற்கு நேரெதிர். பெரும்பாலான இடங்களில் ஒரு கட்டாயப் பாடத்தின் தேர்வை மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றாவது தடவையும் போனால் அந்தப் படிப்பே போயிற்று. அதே படிப்பில் அந்த நாட்டின் வேறு பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கும் அது தடையாக வந்து நிற்கும். கட்டணம் இல்லை என்று மட்டும் கேள்விப்பட்டு வருகிறவர்கள் இதைக் கேட்டு அசந்துபோகிறார்கள். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கணக்கு வருமா வராதா என்று தெரியாமல் அங்கே பொறியியலில் காலை விடாதீர்கள் என்கிறேன்.

பணம். இலவசம் என்ற செய்திக்கும் காலாவதித் தேதி உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களிடம் ஸ்வீடன் 2011இல் கட்டணம் வாங்கத் தொடங்கியது, பின்லாந்து 2017இல், நார்வே 2023இல். ஜெர்மனியிலும் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து படிப்பைப் பொறுத்து செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை கேட்கிறது. கட்டணமே இல்லாத இடத்திலும் சாப்பாடும் வாடகையும் உண்டு. 2024 செப்டம்பரில் ஜெர்மனி மாணவர் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் காட்டச் சொன்ன தொகை வருடத்துக்கு 11,904 யூரோ. மாதம் 992 யூரோதான் அதிலிருந்து எடுக்கலாம். பெரிய நகரத்தில் அறை வாடகையே அதில் பாதியைத் தின்றுவிடும்.

“படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாம்” என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு ஆற்று மணலில் வீடு கட்டுகிற மாதிரி. பிரிட்டன் படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை 2012இல் மூடியது, 2021இல் வேறு பெயரில் இரண்டு வருடத்துக்குத் திறந்தது, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு அதை 18 மாதமாகக் குறைக்கிறது. அமெரிக்காவில் படிப்புக்குப் பிறகு வேலை பார்க்க 12 மாதம், அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு மேலும் 24 மாதம். இந்த ‘மேலும்’ என்பது 2008இல் 17 மாதமாகத் தொடங்கி 2016இல் 24 ஆனது. கூடுகிற விதி குறையவும் குறையும். நாலு வருடப் படிப்பு முடிவதற்குள் அங்கே பெரும்பாலும் ஒரு தேர்தல் வந்துவிடும். அந்த விசா கிடைக்காவிட்டாலும் இந்தப் படிப்பு எனக்கு லாபமா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று பதில் வந்தால், நீங்கள் தேடுவது படிப்பு இல்லை, விசா. அதிலும் தப்பில்லை. ஆனால் அதை வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசிவிடுங்கள்.

மருத்துவம், சட்டம், கட்டடக்கலை மூன்றுக்கும் தனிக்கணக்கு. பிரிட்டனில் பள்ளி முடித்ததும் மருத்துவம் சேரலாம். அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம், அதற்கப்புறம்தான் மருத்துவம். ஒரு நாட்டுப் பட்டத்தோடு இன்னொரு நாட்டில் ஊசி போட உங்களைப் பெரும்பாலும் விடமாட்டார்கள், மறுபடி தேர்வு எழுத வேண்டும். சட்டம் இன்னும் மோசம், அது எல்லையைத் தாண்டினாலே பாதி செல்லாது. எங்கே தொழில் செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த நாட்டில் தொழிலுக்கு உரிமம் தரும் கவுன்சில் எதை ஏற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இந்த மூன்றையும் தொட வேண்டும். பொறியியலுக்கு 1989இல் வந்த வாஷிங்டன் உடன்பாடு இருக்கிறது, அதில் சேர்ந்த நாடுகள் ஒன்றின் படிப்பை இன்னொன்று ஏற்கும். ஆனால் அது ஏற்பது அங்கீகாரம் பெற்ற படிப்பை, பல்கலைக்கழகத்தின் பெயரை இல்லை.

ஒரு சின்ன விஷயம். ஆலோசனை இலவசம் என்று சொல்கிற ஏஜென்ட்டைப் பார்க்கப் போனால், உங்களைச் சேர்த்துவிட்டால் எந்தெந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கமிஷன் தருகிறது என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கட்டணமே வாங்காத பல்கலைக்கழகம் கமிஷனுக்கு எங்கே போகும்? அதனால்தான் அதன் பெயர் அந்த அறையில் அபூர்வமாகவே காதில் விழும்.

முனைவர் பட்டம் வரை போகிற எண்ணம் இருக்கிறவர்கள், காசு கட்டி மாஸ்டர்ஸ் சேர்வதற்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அமெரிக்காவில் அறிவியல் துறைகள் பலவற்றில் இளங்கலை முடித்தே பிஎச்டிக்குப் போகலாம், அவர்களே கட்டணத்தை ஏற்று உதவித்தொகையும் தருவார்கள். அங்கே தேர்ந்தெடுக்க வேண்டியது நாட்டையும் அல்ல, ஊரையும் அல்ல, வழிகாட்டப் போகும் பேராசிரியரை. அவரிடம் இப்போது படிக்கிற மாணவர் இருவருக்கு மின்னஞ்சல் போடுங்கள். “நீங்கள் எழுதிக் கொடுத்த வரைவை அவர் திருப்பித் தர எத்தனை நாள் ஆகும்?” இந்த ஒரு கேள்வி போதும்.

அந்தப் பெண்ணா? திங்கட்கிழமை வந்தாள். சனிக்கிழமை மட்டுமில்லை, ஞாயிறும் உட்கார்ந்திருக்கிறாள். ஆறு கணக்கில் இரண்டுதான் வந்தது. நான்காவது கணக்கை மூன்று விதமாக அடித்து அடித்து எழுதியிருந்தாள். “டேட்டா சயின்ஸ் வேண்டாம் சார், எனக்கு இந்தக் கணக்குத்தான் வேண்டும்” என்றாள். அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு ஆஃபரையும் விட்டாள். ஒரு வருடம் வீட்டில் இருந்தாள், ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் அவள் அம்மாதான் பதில் சொன்னார். அடுத்த வருடம் புள்ளியியலுக்கு விண்ணப்பித்து, தரவரிசைப் பட்டியலில் அப்பா மூன்று தடவை தேடியும் கண்ணில் படாத ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். முதல் செமஸ்டரில் ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தாள், ஒரே வரி: “சார், இங்கேயும் மூன்றாவது வாரத் தாள் வந்துவிட்டது, நீங்கள் கொடுத்ததைவிடக் கஷ்டம், இன்றைக்குத் தூக்கம் இல்லை.”