நட்சத்திரத்தை இறக்கும் வாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

நேற்றுச் சாயங்காலம் பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஒன்பது வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் எரிகிறது. இறக்கிவிட்டவர்களில் இரண்டு பேர் அதைத் தெருமுனைக் குப்பையின்மேல் வீசியிருந்தார்கள். டிசம்பரில் கடை கடையாக ஏறி இறங்கி, பேரம் பேசி வாங்கிய காகித நட்சத்திரம். ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அலங்காரத்தை எப்போது கலைப்பது என்பதில் எங்கள் வீட்டிலேயே ஒருமித்த கருத்து கிடையாது. என் மகனுக்கு ஜனவரி ஒன்றாம் தேதி சாயங்காலமே எல்லாம் பரணுக்குப் போய்விட வேண்டும், மறுநாள் ஆபீஸ். என் அம்மா இருந்தவரை அது நடக்காது. "மூன்று ராஜாக்களும் இன்னும் வழியில இருக்காங்க. அவங்க வந்து சேர்றதுக்குள்ள குடிலைப் பிரிச்சா, வந்து யாரைப் பார்ப்பாங்க?" என்பார். குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் அந்த ராஜாக்களின் பொம்மைகளையும் ஒட்டகத்தையும் அவர் ஷோகேஸில் வைத்து, தினம் ஒரு சாண் நகர்த்தி, ஜனவரி 6-ஆம் தேதி குடிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். திருச்சபை நாள்காட்டியும் அம்மா பக்கம்தான். ஆண்டவரின் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) விழாவோடுதான் கிறிஸ்து பிறப்புக் காலம் முடிகிறது. அந்தக் காலத்தில் பிப்ரவரி 2 வரைக்கும் குடிலை விட்டுவைத்தவர்களும் உண்டு.

ராஜாக்கள் வந்து போனால் அடுத்த வாரம் போகி. நடுவில் கிடைக்கும் அந்த ஏழெட்டு நாள்தான் வீட்டைப் புதுசாக்க எனக்குப் பிடித்த நாள்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இடுப்பொடிய வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு மணி நேரம் போதும்.

முதலில் குடில். சுரூபங்கள், அதாவது குடிலில் வைக்கும் சிலைகள், பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஈரத்துணியால் துடைத்தால் சாயம் உரியும். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அச்சு மை மாதாவின் முகத்தில் ஏறிவிடும். பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுங்கள். குடிலுக்காகத் தட்டில் முளைக்கப் போட்ட கேழ்வரகுப் புல் இந்நேரம் மஞ்சளாகியிருக்கும். அது அப்படியே கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகட்டும். சவுக்குக் கிளையை மரமாக நட்ட வீடுகளில் ஒரு தொல்லை உண்டு: காய்ந்த ஊசி இலை உதிர்ந்துகொண்டே வரும். கிளைக்கடியில் பழைய போர்வையை விரித்து, அதோடு சுருட்டி வெளியே எடுங்கள். பாத்ரூம் பக்கம் கூட்டித் தள்ளினால் சாக்கடை அடைத்துக்கொள்ளும். எனக்கு அந்த அனுபவம் உண்டு, பிளம்பர் செலவோடு.

காகித நட்சத்திரத்தை மடித்துச் சும்மா பரணில் போட்டால் அடுத்த டிசம்பரில் அது சல்லடை. ஒட்டிய மாவுப்பசைக்காகவே இராமபாணப் பூச்சி தேடி வரும். பல்பைக் கழற்றி, ஒரு நாள் வெயில் காட்டி, பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி வையுங்கள். ஜனவரியில் பெங்களூரு வெயில் சுடாது, காற்றும் உலர்ந்திருக்கும். மெத்தை, தலையணை, ரஜாய் எல்லாவற்றுக்கும் மொட்டை மாடியில் இதுதான் சீசன்.

சீரியல் செட்டைச் சுருட்டும் முன்னால் ஒரு தடவை எரியவிட்டுப் பாருங்கள். எரியாததையும் பத்திரப்படுத்துவது நம் பழக்கம்! சட்டைப் பெட்டி அட்டையில் சுற்றினால் சிக்காது.

செல்லோடேப் ஒட்டிய சுவர்தான் பெரிய தலைவலி. பிய்த்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் அது சரி, சுவரில் எண்ணெய்க் கறை நின்றுவிடும். ஹேர் டிரையரால் சூடு காட்டினால் பசை இளகும். ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள்.

இனி குப்பை. பச்சைத் தொட்டியில் ஈரக்குப்பை, சிவப்பில் நாப்கின், டயப்பர் போன்ற கழிவு, பையில் உலர்குப்பை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அட்டைப் பெட்டி உலர்குப்பையில் சேரும். பழைய செயற்கை மரமும் ஜிகினாச் சரமும் போக உருப்படியான இடமே கிடையாது. அதனால் கிழியும் வரை வைத்துப் புழங்குங்கள், புதிதாக வாங்காதீர்கள். தெர்மகோல் இன்னும் மோசம். நூற்றுக்கு 98 பங்கு காற்றுதான் என்பதால் பழைய பொருள் எடுப்பவர்கள் தொடமாட்டார்கள். அலங்காரத் தெர்மகோலை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்திருக்கிறார்கள். ஆனாலும் அது எப்படியோ குடிலுக்குள் பனியாக வந்துவிடுகிறது. எங்கள் குடிலில் இப்போது பஞ்சுதான் பனி.

இதையெல்லாம் போகித் தீயில் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று நினைக்கிறவர்களிடம் எனக்குக் கோபமே உண்டு. செயற்கை மரத்தின் இலை பி.வி.சி. பிளாஸ்டிக்; எரிந்தால் அமிலப் புகையும் டயாக்ஸின் நச்சும் வரும். அந்தப் புகையைப் பக்கத்து வீட்டுக் குழந்தைதான் முதலில் மூச்சில் இழுக்கும். பாயும் முறமும் எரித்த காலத்துப் பழக்கத்தை பிளாஸ்டிக்குக்குப் பொருத்த முடியாது.

கடைசியாக அடுக்களை. கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் டின்னில் அடியில் தங்கிய ஒரு கைப்பிடி, நமத்துப்போன ரோஸ் குக்கீஸ், பாதி கேக். சங்கராந்திக்கு எதிர்வீட்டு அம்மா எள்ளு-பெல்லா தட்டோடு வந்து "எள்ளு பெல்லா திந்து ஒள்ளே மாத்தாடி" (எள்ளும் வெல்லமும் தின்று நல்லதைப் பேசுங்கள்) என்று கன்னடத்தில் சொல்லி நிற்கும்போது அந்தத் தட்டை வெறுமனே திருப்பித் தருவதா? அதற்காகவே நல்ல கல்கலில் ஒரு டப்பாவை முன்கூட்டியே ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது. என் பேத்தியிடமிருந்துதான்.

பெட்டியை மூடும் முன்னால் ஒரு சீட்டு எழுதி உள்ளே போடுங்கள். என்ன குறைகிறது, என்ன உடைந்தது என்று. போன மாதம் எங்கள் பெட்டியைத் திறந்தபோது அம்மா எழுதியது மேலேயே இருந்தது: "ஒட்டகம், இடது முன்கால். பெவிகால் வாங்கணும்." அம்மா போய் ஆறு வருஷம். ஒட்டகம் இன்னும் நொண்டிக்கொண்டுதான் வருகிறது. இந்த வாரம் பெவிகால் வாங்கிவிட்டேன்.

வணக்கம்.