பாவித்த பெட்டிதான், ஆனால் அம்மாவைக் காக்க வைக்காது

நடுவர் அவர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

பெற்றோரின் அன்றாடப் பாவனைக்கு ஏற்றது மலிவான புதுக் கணினியா, நல்ல பாவித்த கணினியா என்பது தலைப்பு. பாவித்த கணினிதான் என்ற அணியில் நான் நிற்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, வளர்த்து ஆளாக்கிய அம்மா அப்பாவுக்கு யாரோ கழித்த சாமானைக் கொண்டுபோய்க் கொடுப்பது மரியாதை இல்லை. மற்றது, பழசு எந்த நேரம் நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. முதலாவதற்கு நான் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதே நினைப்பில்தான் நானும் பிழை விட்டேன்.

வெள்ளவத்தையில் இருக்கும் என் பெற்றோருக்கு நான் முதலில் வாங்கிக் கொடுத்தது பெட்டி உடைக்காத புதுக் கணினி. கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. உள்ளே செலரான் என்ற விலை குறைந்த ரகப் புரொசசர், திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகமான ரேம் 4 ஜிபி, எல்லாவற்றையும் சேமித்து வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க். பொலித்தீனை அப்பா ஆசையாகக் கழற்றினார். தூசு படக்கூடாது என்று அம்மா கீபோர்ட்டுக்குப் பூத்துணியில் ஒரு உறையே தைத்துப் போட்டார்.

அவர்களுக்கு என்ன தேவை? அப்பா காலையில் பேப்பர் பார்ப்பார், முதலில் மரண அறிவித்தல், பிறகுதான் அரசியல். அம்மாவுக்குக் கோயில் திருவிழாவின் நேரலையும் ரொறன்ரோவில் இருக்கும் பேரப்பிள்ளையின் முகமும் வேண்டும். இவ்வளவுதான். இதற்குப் புதுக் கணினி தாராளம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு நாள் அம்மாவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இணையத்தைத் திறக்கும் குரோமின் சின்னப் படத்தை இரண்டு தரம் அமத்தினார். ஒன்றும் வரவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி அமத்தினார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தமாக, நாலைந்து தரம். ஒரு நிமிடம் கழித்து ஐந்து ஜன்னல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகத் திறந்தன. அம்மா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் எதையோ பிழையா அமத்திப்போட்டன், வந்து பார் பிள்ளை."

நடுவர் அவர்களே, அம்மா ஒன்றையும் பிழையாக அமத்தவில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது. அதன் மேல் ஒரு சின்ன ஊசி அங்கும் இங்கும் ஓடித்தான் கேட்டதைத் தேடி எடுக்க வேண்டும். ரேம் போதாவிட்டால் மிச்சச் சுமையும் அந்தத் தட்டின் மேல்தான் விழும். கணினி மெதுவாக இருந்தால் நாங்கள் கணினியைத் திட்டுவோம். எழுபது வயதில் அதன் முன் இருப்பவர் தன்னையே நொந்துகொள்வார், பிறகு அந்தப் பக்கமே போகமாட்டார். பூத்துணி உறை எடுக்கப்படாமலே அந்தக் கணினி மாதக்கணக்கில் கிடந்தது. தம்பி, இதுவா மரியாதை?

சரி, பாவித்தது என்றால் எதைச் சொல்கிறேன்? பெரிய கம்பனிகள் சில வருடத்துக்கு ஒருமுறை தங்கள் கணினிகளை மொத்தமாக மாற்றும். டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று அப்படிக் கழிபட்டு வருபவை பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் போனால் கிடைக்கும். நாள் முழுக்க ஓடுவதற்கென்று செய்யப்பட்டவை. 2018இல் வந்த கோர் ஐ5-8500 புரொசசரில் 6 கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்ய ஆறு மூளை மாதிரி. புதிது என்று விற்கும் செலரான் என்4020இல் 2 கோர். அம்மாவுக்குப் பேப்பரும் பேரனும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகளை, மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் புரொசசர் என்றால், பொதுவாக எட்டாம் ஜென்ரேஷனாவது (தலைமுறையாவது) வேண்டும். ஐ5 என்ற எழுத்தைப் பார்த்து மயங்காமல், அதற்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள். 8500 என்றால் எட்டு. 6500 என்றால் ஆறு, அதை விட்டுவிடுங்கள். அதில் விண்டோஸ் 11ஐ எப்படியோ ஏற்றி வைத்து "ஓடுது தானே" என்பார்கள். ஓடும். ஆனால் அது மைக்ரோசொஃப்ட் ஏற்றுக்கொண்ட கணினி இல்லை. பெற்றோர் வங்கிக் கணக்குப் பார்க்கும் இடத்தில் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

ரேம் 8 ஜிபியாவது இருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி சுழலும் தட்டே இல்லாத வேகமான சேமிப்பான எஸ்.எஸ்.டி ஒன்றைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். முழுப் பெட்டியிலும் முக்கியமாகப் புதிதாக இருக்க வேண்டியது அதுதான்.

இனி, எப்போது நிற்கும் என்ற கேள்வி. புதியதற்கு உத்தரவாதக் காலம் கூடுதல், அதை ஒத்துக்கொள்கிறேன். இந்தச் சின்னப் பெட்டிகளின் பவர் சப்ளை பழுதானால் கண்ட கண்டது பொருந்தாது, அதே அளவில்தான் தேட வேண்டும். அதையும் மறைக்கவில்லை. ஆனால் மலிவான புதியவை பலவற்றில் ரேமையும் சேமிப்பையும் போர்டோடு சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். அங்கே ஒன்று போனால் எல்லாம் போனது. இங்கே மூடியைத் திறந்து பழுதானதை மட்டும் மாற்றலாம்.

இப்போது பெற்றோர் வீட்டில் இருக்கும் பாவித்த கணினி ஒருமுறைதான் மக்கர் பண்ணியது. எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பு எச்சரிக்கை. அப்பா பயந்து பிளக்கையே கழற்றிவிட்டார். போய்ப் பார்த்தால் கணினியின் திகதி பல வருடம் பின்னுக்கு நிற்கிறது. உள்ளே இரண்டு ரூபாக் குற்றி மாதிரி ஒரு பற்றரி, சி.ஆர்.2032, கரண்ட் இல்லாத நேரம் திகதியைக் காப்பது அதுதான், அது தீர்ந்துவிட்டது. திகதி பிழைத்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று கணினி நினைத்துவிடும். மாற்ற இரண்டு நிமிடமும் ஆகவில்லை. பாவித்தது வாங்குபவர்கள் இந்தப் பற்றரியை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். அப்புறம் வைஃபை இருக்கிறதா என்று கேளுங்கள், அலுவலகக் கணினிகள் பலவற்றில் இருக்காது. வெப்கேமும் வேறாக வாங்க வேண்டும். 2022இல் கரண்ட் போன நாட்களை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள், அதனால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ் ஒன்றும் வேண்டும், கணினி புதியதோ பழையதோ.

பெட்டியில் மிச்சம் பிடித்த காசை நான் திரையில் போட்டேன். 24 அங்குலம், எழுத்தின் அளவை 150 வீதத்துக்குக் கூட்டி வைத்தேன். இப்போது பின்னேரம் ஏழரைக்கு, கோடை காலத்தில் ரொறன்ரோவில் அது காலை பத்து மணி, அம்மா தானே போய் உட்காருகிறார். படத்தை ஒருமுறைதான் அமத்துகிறார். போன கிழமை பேரன் வாயைத் திறந்து காட்டினான். விழுந்த பல்லுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று முளைப்பதை அம்மாதான் முதலில் கண்டு சொன்னார். அவனுடைய தாய்கூட அதுவரை கவனிக்கவில்லை.

அந்தப் பெட்டியின் ஓரத்தில் ஏதோ ஒரு கம்பனியின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. அம்மா அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. நன்றி, வணக்கம்.