ஊசிக்குப் பயப்படாதீங்க, கஷாயத்துக்குக் கொஞ்சம் பயப்படுங்க: சின்சே கிட்ட முதல் தடவை போறவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். மைக் கேக்குதா... ம், கேக்குது. வெளிய செம மழை, அந்தச் சத்தத்தைக் கண்டுக்காதீங்க.

இன்னைக்கு டிசிஎம். சீனப் பாரம்பரிய மருத்துவம். சிங்கப்பூர்ல நம்மள்ல நிறையப் பேருக்கு அது வீட்டுப் புளோக்குக்குக் கீழயே இருக்கும். அந்த மூலிகை வாசனையத் தாண்டித்தான் தினமும் எம்ஆர்டிக்கு நடப்போம், ஆனா உள்ள கால் வச்சிருக்க மாட்டோம். திடீர்னு ஒருநாள் முதுகு பிடிச்சுக்கும், தோள்பட்டையத் தூக்க முடியாது, கூட வேலை பாக்குற சீன நண்பர் "சின்சே கிட்டப் போய்ப் பாரேன்"னு சொல்லுவாரு. சின்சேன்னா சீன வைத்தியர். அப்ப வரிசையா கேள்வி வரும். அந்த அக்குபங்சர் ஊசி வலிக்குமா, சீனமொழி தெரியாதே, என் சக்கரை மாத்திரையோட இது சேருமா?

நான் டாக்டர் இல்ல, சின்சேயும் இல்ல. கழுத்து வலிக்குப் போய்ட்டு வர்ற ஒரு ஆளு, இதப்பத்தித் தேடித் தேடிப் படிக்கிற ஆளு, அவ்வளவுதான். நான் பாத்ததுல ஒன்னு மட்டும் உறுதியா சொல்லுவேன். நம்ம ஆளுங்க தப்பான இடத்துல பயப்படுறாங்க. ஊசியப் பாத்து நடுங்குவாங்க. கஷாயத்தை மட்டும் "அது வெறும் வேர்தானே, என்ன பண்ணிடப் போகுது"ன்னு மடமடன்னு குடிப்பாங்க. நெசத்துல அது அப்படியே தலைகீழ்.

முதல்ல எங்க போறது. சிங்கப்பூர்ல இதுக்குன்னு 2000ல சட்டமே போட்டாச்சு. ஊசி போடுறவங்களும் மருந்து எழுதுறவங்களும் டிசிஎம் வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும். அதுலயும் ரெண்டு வகை இருக்கு: ஊசி மட்டும் போடலாம்னு பதிவானவங்க, ஊசியோட மருந்தும் எழுதலாம்னு பதிவானவங்க. வாரியத்தோட இணையதளத்துல பேரைப் போட்டுத் தேடினா வந்துடும். கைபேசியில ரெண்டு நிமிஷ வேலை, தயவுசெஞ்சு பண்ணுங்க. கடை வாசல்ல டிசிஎம்னு எழுதியிருக்குறதை மட்டும் பாத்துட்டுப் போய்ப் படுத்துடாதீங்க.

கையில காசு கம்மியா இருக்கா? சின் சுவீ ரோட்ல தோங் சாய் மருத்துவ நிலையம் இருக்கு. 1867ல ஆரம்பிச்சது. சீனர், மலாய்க்காரர், இந்தியர்னு பாக்காம ஏழைபாழைங்களுக்கு இலவசமா வைத்தியம் பண்ணணும்னு ஆரம்பிச்சாங்க, இன்னைக்கும் அது ஒரு தர்ம ஸ்தாபனம்தான். அவங்களோட 1892ல கட்டின பழைய கட்டடம் யூ தோங் சென் ஸ்ட்ரீட்ல இருக்கு, தேசிய நினைவுச் சின்னம். சைனாடவுன் பக்கம் போனா அந்தக் கூரையை ஒரு தடவை நின்னு பாருங்க, அவ்ளோ அழகு. சரி, விஷயத்துக்கு வரேன்.

போற அன்னைக்குக் காலையில ரெண்டு காரியம். ஒன்னு, ஏதாவது சாப்பிட்டுப் போங்க. வெறும் வயித்தோட போய் ஊசி போட்டா சிலருக்குத் தலை சுத்தி மயக்கம் வரும், அதுவும் முதல் தடவைன்னா. வயிறு முட்டவும் தின்னுட்டுப் போகாதீங்க, ரெண்டு இட்லி போதும். இன்னொன்னு நம்ம ஆளுங்களுக்குன்னே: அன்னைக்கு நாக்கு வழிக்காதீங்க! நமக்குப் பல்லு விளக்கினா நாக்கு வழிச்சே ஆகணும், ஆனா சின்சே பாக்குறதே அந்த நாக்குல படிஞ்சிருக்குற படலத்தைத்தான். வெள்ளையா, மஞ்சளா, தடிப்பா இருக்கா, ஓரத்துல பல்லு பதிஞ்ச தடம் இருக்கா, எல்லாம் பாப்பாங்க. வழிச்சு எடுத்துட்டுப் போனா பாதிக் கதை போச்சு. காப்பி, பீட்ரூட், வெத்தலையும் அன்னைக்கு வேண்டாம், நிறம் ஒட்டிக்கும்.

அப்புறம் நாடி. மணிக்கட்டுல மூணு விரல் வப்பாங்க. சித்த வைத்தியர் கிட்டப் போனவங்களுக்கு இது புதுசு இல்ல. ஆனா கணக்கு வேற. நம்ம பக்கம் அந்த மூணு விரலும் வாதம், பித்தம், கபம். அவங்க கணக்குல இடது கையில இதயம், கல்லீரல், சிறுநீரகம்; வலது கையில நுரையீரல், மண்ணீரல், மறுபடியும் சிறுநீரகம். லேசா தொட்டும் பாப்பாங்க, அழுத்தியும் பாப்பாங்க. ரெண்டு கையும் பாத்து முடிக்க நேரம் எடுக்கும், அந்த நேரம் பேசாம இருங்க.

ஒரு எச்சரிக்கை. அவங்க "உங்களுக்குக் கல்லீரல் சரியில்ல"ன்னு சொன்னா, ஐயோ லிவர் போச்சுன்னு ரத்தப் பரிசோதனைக்கு ஓடாதீங்க. அவங்க சொல்ற கல்லீரல், கோபம், தூக்கம், மாதவிலக்கு, கண்ணு எல்லாம் சேர்ந்த ஒரு கணக்கு, ஸ்கேன்ல தெரியற உறுப்பு இல்ல. இதுக்குத் தலைகீழாவும் ஒன்னு இருக்கு. நாடி பாத்துட்டு "எல்லாம் நல்லா இருக்கு"ன்னா ஸ்கேன் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. நெஞ்சு வலி, மலத்துல ரத்தம், காரணமே இல்லாம எடை குறையிறது, ஒரு பக்கம் கை கால் மரத்துப் போறது, இதுக்கெல்லாம் முதல்ல ஆஸ்பத்திரி.

கேள்வி நிறையக் கேப்பாங்க. வேர்க்குதா, தாகம் எப்படி, வெந்நீர் பிடிக்குமா ஐஸ் தண்ணி பிடிக்குமா, மலம் எப்படிப் போகுது, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது. கூச்சப்படாம சொல்லுங்க. சூடு, குளிர்ச்சின்னு பேசுவாங்க, அது நமக்கு ரத்தத்துலயே ஊறினதுதானே. டுரியான் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சின்னு இங்க சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். சீனமொழி பத்திக் கவலைப்பட வேண்டாம், ஆங்கிலம் பேசுற சின்சே நிறைய இருக்காங்க, அப்பாயிண்ட்மெண்ட் எடுக்கறப்பவே கேட்டுக்கோங்க.

இப்ப ஊசி. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்குற ஊசி உள்ள ஓட்டை உள்ள குழாய், முக்கால் மில்லிமீட்டர் கனம் வரும். இது ஓட்டையே இல்லாத கம்பி. கனம் கால் மில்லிமீட்டர் பக்கம். சின்னக் கொசுக்கடி மாதிரி ஒரு சுருக், சில சமயம் அதுவும் இல்ல. அதுக்கப்புறம் உள்ள ஒரு கனம், மரமரப்பு, சில நேரம் ஒரு கடுப்பு நரம்பு ஓட்டமா இறங்கும். அவங்களுக்கு வேண்டியதே அந்த உணர்ச்சிதான், "வருதா, வருதா"ன்னு கேட்டுக்கிட்டே திருகுவாங்க. ஆனா சுள்ளுனு மின்சாரம் அடிச்ச மாதிரி வலி வந்தா தாங்கிக்கிட்டுப் படுத்திருக்காதீங்க, உடனே சொல்லுங்க. இருபது, முப்பது நிமிஷம் அப்படியே படுக்கணும். நான் பெரும்பாலும் தூங்கிடுவேன்.

ஊசி புது பாக்கெட்டப் பிரிச்சுப் போடணும், போட்டதும் தூக்கி எறியணும். அதைக் கண்ணால பாருங்க. தேர்ந்த கையில பெரிய ஆபத்து ரொம்ப அபூர்வம். நுரையீரல்ல குத்திக் காத்து இறங்குன சம்பவங்கள் உலகத்துல உண்டு, அதுக்குத்தான் பதிவு இருக்கான்னு பாக்கச் சொன்னேன். கர்ப்பமா இருந்தா வாசல்லயே சொல்லிடுங்க, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்குற புள்ளி மாதிரி சில புள்ளிகளைத் தவிர்ப்பாங்க. பேஸ்மேக்கர் வச்சிருந்தா ஊசியில மின்சாரம் குடுக்கக் கூடாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா அதையும் சொல்லணும்.

வேலை செய்யுமா? நேர்மையா சொல்றேன், ஆராய்ச்சி ஒரே மாதிரி பேசல. எந்த வைத்தியம் சரின்னு வழிகாட்டுற இங்கிலாந்தோட நைஸ் அமைப்பு 2009ல முதுகு வலிக்கு அக்குபங்சர் போடலாம்னுச்சு, 2016ல வேண்டாம்னுச்சு, 2021ல வேற ஒரு வகை நாள்பட்ட வலிக்கு யோசிக்கலாம்னுச்சு. அமெரிக்க மருத்துவர் கல்லூரிங்கிற டாக்டர்கள் சங்கம் 2017ல அதே முதுகு வலிக்குச் சரின்னுச்சு. நிஜப் புள்ளியில குத்தினதுக்கும், சும்மா பேருக்குக் குத்தினதுக்கும் வித்தியாசம் சின்னதாத்தான் வருதுன்னு நிறைய ஆய்வு சொல்லுது. வலிக்கும் வாந்திக்கும் கொஞ்சம் உதவும்னு நான் நம்புறேன். சக்கரையக் குணமாக்குது, கட்டியக் கரைக்குதுன்னு யாராவது சொன்னா நான் எழுந்து வந்துடுவேன்.

இன்னொன்னு, அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு 1971ல பெய்ஜிங்ல மயக்க மருந்தே இல்லாம ஊசியில ஆபரேஷன் பண்ணாங்கன்னு வாட்ஸ்அப்ல ஒரு கதை சுத்துது. குடல்வால் ஆபரேஷன் வழக்கமான மரப்பு ஊசி போட்டுத்தான் நடந்துச்சு. அதுக்கப்புறம் வயித்துல வந்த உபாதைக்குத்தான் அக்குபங்சர். அவரே அப்படித்தான் எழுதியிருக்காரு.

கப்பிங் பத்திச் சட்டுனு சொல்லிடறேன். கண்ணாடிக் குப்பிய வச்சு உறிஞ்சுவாங்க, வட்ட வட்டமா கருஞ்சிவப்புத் தடம் ஒரு வாரம் போல இருக்கும். 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் தோள்ல எல்லாரும் பாத்தோமே, அதேதான். கல்யாண வீட்டுக்கு லோ நெக் ஜாக்கெட் போடப் போறீங்கன்னா அந்த வாரம் வேண்டாம். தோலைச் சுரண்டுற குவா ஷாவும் அப்படித்தான், சுரண்டுன கோடு தெரியும். மோக்ஸான்னா, நம்ம மாசிப்பத்திரி வகை மூலிகையக் காயவச்சுச் சுருட்டி, கொளுத்தி, தோலுக்குக் கிட்ட காட்டுறது. இங்க சக்கரை உள்ளவங்க கவனிங்க. காலுல உணர்ச்சி குறைஞ்சிருந்தா சுடுறதே தெரியாது. மோக்ஸாவோ, காலுக்கு மேல வைக்குற சூட்டு விளக்கோ, புண்ணாக்கிட்டுத்தான் தெரியும். "எனக்குச் சக்கரை இருக்கு, பாதம் மரத்திருக்கு"ன்னு சொல்லாம அங்க படுக்காதீங்க.

இப்பத்தான் நான் பயப்படச் சொன்ன இடம் வருது. மருந்து.

இந்த மூலிகைங்க வெறும் தழை இல்ல. உள்ள ரசாயனம் இருக்கு, அதனாலதான் வேலை செய்யுது. மலேரியாவுக்கு இன்னைக்கு உலகமே சாப்பிடுற ஆர்ட்டிமிசினின், சீன மூலிகையில இருந்து வந்தது. நாலாம் நூற்றாண்டுல கே ஹோங்னு ஒரு சீன வைத்தியர் எழுதின குறிப்புல, இலையத் தண்ணியில ஊறவச்சுப் பிழிஞ்சு குடின்னு இருந்துச்சு. அதைப் படிச்ச சீன விஞ்ஞானி தூ யூயூ, சூடு பண்ணினா சத்து போயிடுதுபோலன்னு குளிர்ச்சியா வடிச்சு எடுத்தாங்க. 2015ல நோபல் பரிசு. இவ்ளோ பலம் உள்ள பொருள், தப்பான இடத்துல போனா கெடுதலும் பண்ணும்தானே?

பண்ணியிருக்கு. 1990கள்ல பெல்ஜியத்துல எடை குறைக்கிற மருந்துல ஒரு மூலிகைக்குப் பதிலா பேரு ஒத்துப்போன இன்னொன்னு கலந்துடுச்சு. அதுல அரிஸ்டலோக்கிக் அமிலம்னு ஒரு நஞ்சு. நூத்துக்கும் மேல பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டுச்சு, சிலருக்குப் பின்னாடி புற்றுநோயும் வந்துச்சு. இதைச் சீனத்து விஷயம்னு தள்ளிவைக்க முடியாது. நம்ம ஊரு ஆடுதின்னாப்பாளை அதே குடும்பம், அதே அமிலம்.

சரி, எழுதிக்குடுக்குற மருந்து எப்படி இருக்கும்? இப்ப நிறைய கிளினிக்ல பொடிதான். பாக்கெட்டப் பிரிச்சு வெந்நீர்ல கலக்கிக் குடிக்கணும். கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு, நெலவேம்பு குடிச்சு வளந்தவங்க சமாளிச்சுக்குவாங்க. பழைய முறைன்னா வேரும் பட்டையுமா பொட்டலம் கட்டித் தருவாங்க. அரை மணி நேரம் ஊறவச்சு, மண்சட்டியில போட்டு, கொதி வந்ததும் தீயக் குறைச்சுச் சுண்ட வைக்கணும். வடிச்சிட்டு அதே வேர்ல தண்ணி விட்டு மறுபடியும் ஒரு கொதி, ரெண்டையும் கலந்து காலையில பாதி, சாயங்காலம் பாதி. மண்சட்டி இல்லன்னா எவர்சில்வர் ஓகே. இரும்பு, அலுமினியம் வேண்டாம். முள்ளங்கி சாம்பாரும் பச்சைப்பயறும் மருந்து சாப்பிடுற நாள்ல கூடாதும்பாங்க, மருந்தை முறிக்கும்னு அவங்க நம்பிக்கை. ரெண்டு நாள் சாம்பார்ல வேற காய் போட்டுட்டுப் போங்களேன்.

சைவம் சாப்பிடறவங்க, கட்டாயம் முன்னாடியே சொல்லணும். மூலிகைன்னு பேரு, ஆனா பட்டியல்ல மண்புழு இருக்கும், சில்வண்டு உரிச்ச தோல் இருக்கும், கழுதைத் தோல்ல காய்ச்சின பசை, மான் கொம்பு, சிப்பி ஓடு எல்லாம் இருக்கும். பொடியாக்கினதுக்கப்புறம் யாரு கண்டுபிடிக்கிறது? "செடி கொடி மட்டும்"னு சொன்னா மாத்தி எழுதுவாங்க.

அப்புறம் அந்த ரெண்டு மணி நேரக் கதை. "டாக்டர் மாத்திரைக்கும் சின்சே மருந்துக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விட்டாப் போதும்"னு எல்லாரும் சொல்லுவாங்க. வயித்துக்குள்ள ரெண்டும் கலக்காது, அந்த அளவுக்குச் சரி. ஆனா ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற வார்ஃபரின் மாதிரி மாத்திரை ரத்தத்துல நாள் கணக்கா இருக்கும். டான்ஷென்னு ஒரு வேர், டாங் குவாய்னு பெண்களுக்குக் குடுக்குற வேர், இது ரெண்டும் வார்ஃபரினோட சேர்ந்தா ரத்தம் அளவுக்கு மீறி இளகிடும். ரெண்டு மணி நேரம் என்ன, ரெண்டு நாள் விட்டாலும் அது தீராது. அதிமதுரம் எடுத்துக்கோங்க, சீன மருந்துல பாதிக்கு மேல அது இல்லாம இருக்காது போலிருக்கும். தொடர்ந்து நிறைய சாப்பிட்டா ரத்தக் கொதிப்பு ஏறும், பொட்டாசியம் இறங்கும். கொதிப்பு மாத்திரை சாப்பிடறவங்க இதக் கேட்டே ஆகணும்.

அதனால, உங்க மாத்திரை அட்டைங்களை எல்லாம் போட்டோ எடுத்து சின்சே கிட்டக் காட்டுங்க. சின்சே குடுத்த பாக்கெட்டையும் போட்டோ எடுத்து பாலிகிளினிக் டாக்டர் கிட்டக் காட்டுங்க. டாக்டர் திட்டுவாருன்னு மறைக்கிறதுதான் எனக்குக் கோபம் வர்ற விஷயம். திட்டினா திட்டட்டும்! இன்சுலின், கொதிப்பு மாத்திரை எதையும் "சின்சே மருந்து கேக்குது"ன்னு நீங்களா நிறுத்தாதீங்க.

ஆன்லைன்லயும் எல்லை தாண்டிப் போயும் டப்பா டப்பாவா வாங்குற வலி மாத்திரைங்களும் வேண்டாம். சுகாதார அறிவியல் ஆணையம் அந்த மாதிரிப் பொருள்ல ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு அடிக்கடி எச்சரிக்கை விடுது. ஒரே நாள்ல மூட்டு வலி பறந்துச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. முகம் உப்ப ஆரம்பிச்சா நேரா டாக்டர் கிட்டப் போங்க. திடீர்னு நிறுத்துறதும் ஆபத்து, அதையும் அவரு கிட்டக் கேட்டுத்தான் செய்யணும்.

எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ் பத்தி ஒரு வார்த்தை. சின்சே எம்சி குடுப்பாங்க, ஆனா அதை ஏத்துக்கணும்னு முதலாளிக்குச் சட்டக் கட்டாயம் இல்ல. உங்க கம்பெனி ஏத்துக்குமான்னு எச்ஆர்ல முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

எத்தனை தடவை போகணும்னு முதல் நாளே கேளுங்க. நாலஞ்சு தடவையில ஒரு மாத்தமும் தெரியலன்னா என்ன பண்ணுவீங்கன்னும் கேளுங்க. நல்ல சின்சே அதுக்கு நேரா பதில் சொல்லுவாங்க. இருபது தடவைக்கு இப்பவே பணம் கட்டினா தள்ளுபடின்னு பேக்கேஜ் எடுத்து நீட்டினா, பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்புங்க.

சரி, மழை விட்டுடுச்சு, நான் பிள்ளையக் கூப்பிடப் போகணும். வரேன்!