மணலும் மரக்கட்டையுமே ஆட்டத்தை வளர்க்கும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பூங்காவில் பிள்ளைகளின் விளையாட்டை வளர்ப்பவை ஆயத்தக் கருவிகளா, மண்ணும் மரமும் மேடுபள்ளமுமா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் வண்ணச் சறுக்குமரங்களை அழகாக வருணித்தார். ஆனால் சறுக்குமரம் பிள்ளையிடம் சொல்வது ஒன்றுதான்: ஏறு, சறுக்கு, மறுபடி வரிசையில் நில். மணல் எதையும் சொல்வதில்லை. என்ன செய்வதென்று பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். நான்கு பேர் சேர்ந்தால் அணை எழும்புகிறது. யார் தண்ணீர் கொண்டுவருவது என்று சண்டை வருகிறது, அவர்களே தீர்த்தும் கொள்கிறார்கள்.

கட்டட வேலை நடக்கும் இடங்களில்தான் பிள்ளைகள் ஆசையாக விளையாடுகிறார்கள் என்பதைக் கவனித்தவர் டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர் சோரன்சன். அவருடைய யோசனைப்படி 1943-இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவே, கோபன்ஹேகனின் எம்ட்ரப்பில் ஒரு திடல் திறந்தார்கள். அங்கே இருந்தவை பலகைகள், செங்கற்கள், கருவிப் பெட்டி. துணைக்கு ஒரு பெரியவர். ஆம்ஸ்டர்டாமில் 1947 முதல் டச்சுக் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 700-க்கும் மேற்பட்ட திடல்களை வடிவமைத்தார். மணற்குழி, தாவிச் செல்லக் கற்கள், தொங்குவதற்குக் கம்பி வளைவு, அவ்வளவுதான்.

நம் கதைக்கு வருகிறேன். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த தென்னாப்பிரிக்காவின் 1950-ஆம் ஆண்டுக் குழுப் பகுதிகள் சட்டம் நம் பெரியவர்களை டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து பெயர்த்தெடுத்து இந்தச் சரிவுகளில் குடியேற்றியது. 1953-இல் வந்த தனி வசதிகள் சட்டம் பூங்காக்களையும் கடற்கரையையும் நிறம் பார்த்துப் பிரித்தது. அது அநீதி, அந்த வறுமையை நான் புகழவில்லை. ஆனால் மூன்று காலி டின்களை அடுக்கி, பந்தால் சரித்து, எதிர் அணி துரத்தத் துரத்த மீண்டும் அடுக்கினார்களே, அந்த ஆட்டம் இங்கிருக்கும் தாத்தாக்களுக்கு மறந்திருக்காது. கையால் எடுத்து நகர்த்தக்கூடிய பொருள் இருந்தது, ஆட்டம் பிறந்தது.

பாதுகாப்பு என்ன ஆகும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சறுக்குமரத்தைக் கோபுரத்தில் ஏற்றினால் விழுகிற உயரமும் ஏறுகிறது. நம் மேட்டுச் சரிவிலேயே பதித்துவிட்டால், தவறும் பிள்ளை புல்லில்தான் புரளும். பழைய இரும்புக்காக ஊஞ்சல் சங்கிலியை அறுக்கிறார்கள். இருவர் சேர்ந்தும் அசைக்க முடியாத மரக்கட்டையை யார் களவாடுவார்? டிசம்பர் வெயிலில் ரப்பர் தரை காலைச் சுடும், மாமர நிழல் சுடாது. மணலில் கண்ணாடித் துண்டு கிடக்கும் என்றார்கள். கிடக்கும்தான். அதைத் தினமும் கிளறிச் சுத்தம் செய்ய ஓர் ஆள் வேண்டும். கருவி வாங்கும் பணத்தில் ஒரு பங்கை அவருக்குச் சம்பளமாகக் கொடுங்கள் என்கிறோம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு மணலை மேசை உயரத்துக்கு உயர்த்தி வையுங்கள் என்றும் கேட்கிறோம்.

நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் எதிரணியை ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்தப் புதுக் கருவியில் ஆசை தீர ஏறி இறங்கிய பிள்ளை, அடுத்த மாதம் அங்கே வந்து என்ன செய்யும்?