முளையைப் பிடித்து இழுக்காதீர்

அவைத் தலைவர் அவர்களே, இவ்விழாவை ஆண்டுதோறும் முன்னின்று நடத்திவரும் வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, முதுமையையும் பொருட்படுத்தாது முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் பேசிய அம்மையார் தம் நேரத்தில் ஒரு பகுதியை எனக்கு விட்டுக்கொடுத்தார். அந்தப் பெருந்தன்மைக்கு என் நன்றி.

பழஞ்சீன ஞானியரின் மொழிகள் இன்றளவும் நிலைத்திருப்பது ஏன் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். லாவோட்சு, மென்சியஸ், கன்பூசியஸ், ஜுவாங்ட்சு ஆகிய நால்வரைப் பற்றியும் பேச எண்ணியுள்ளேன்.

"இரு கைகளால் அணைக்குமளவு பருத்த மரமும் மயிரிழை போன்ற முளையிலிருந்தே எழுந்தது." லாவோட்சுவின் பெயரால் வழங்கும் தாவோ தே ஜிங் என்ற நூலின் 64ஆம் இயல் இவ்வாறு சொல்கிறது. ஆயிரம் லீ (லீ என்பது பழஞ்சீனத் தொலைவளவு) தொலைவுப் பயணமும் காலடியில்தான் தொடங்குகிறது என்ற புகழ்பெற்ற வாசகமும் அதே இயலில்தான் வருகிறது. பயணத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்குச் சற்று முன்னே நிற்கும் மரத்தை ஏனோ கடந்துவிடுகிறார்கள். 1993இல் ஹூபெய் மாநிலத்துக் குவோடியனில், ஏறத்தாழ 2,300 ஆண்டுப் பழமையான ஒரு கல்லறையிலிருந்து எழுத்துகள் எழுதிய மூங்கில் பட்டைகள் கிடைத்தன. லாவோட்சுவின் வாசகங்கள் பல அவற்றில் இருந்தன.

அந்த முளைக்கு அவசரக்காரர்களால் நேரும் கதியை மென்சியஸ் சொல்கிறார். பழஞ்சீனத்தின் சோங் நாட்டில் ஓர் உழவன் இருந்தான். வயலில் பயிர் போதிய வேகத்தில் வளரவில்லையே என்ற கவலை அவனைத் தின்றது. ஒரு நாள் வயலில் இறங்கி ஒவ்வொரு நாற்றாகப் பிடித்து மேல்நோக்கி இழுத்துவிட்டான். நின்று பார்த்தால் பயிர் உண்மையிலேயே உயர்ந்துதான் தெரிந்திருக்கும். களைத்துப்போய் வீடு திரும்பியவன், "இன்று மிகவும் சோர்ந்துவிட்டேன், பயிர் வளர நான் உதவி செய்தேன்" என்று வீட்டாரிடம் பெருமையோடு சொன்னான். மகன் பதறி வயலுக்கு ஓடினான். நாற்றுகள் எல்லாம் வாடிக் கிடந்தன. அன்பர்களே, அந்த உழவன் சோம்பேறி அல்லன், பயிரை வெறுத்தவனும் அல்லன். அக்கறையினால்தான் அழித்தான். உள்ளத்தின் நல்லாற்றலை வளர்ப்பது குறித்தே மென்சியஸ் இதைச் சொன்னார்; உலகில் நாற்றை இழுக்காதவர் மிகச் சிலரே என்றும் சேர்த்துச் சொன்னார். களையெடுக்காமல் கைவிடுவதையும் அவர் குற்றமாகவே கருதினார்.

கன்பூசியஸிடம் ட்சுலு என்ற மாணவர், கேட்டதை உடனே செயற்படுத்தலாமா என்று வினவினார். தந்தையும் தமையனும் இருக்கும்போது எப்படி உடனே செய்வாய் என்று ஆசான் தடுத்தார். இதே வினாவை ரான் யூ கேட்டபோது, உடனே செய் என்றார். ரான் யூ பின்வாங்கும் இயல்பினர் என்பதால் முன்னே தள்ளியதாகவும், ட்சுலு இருமடங்கு வேகமுடையவர் என்பதால் இழுத்துப் பிடித்ததாகவும் ஆசானே விளக்கமும் தந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வேகம் விதிக்கும் நம் மாலை நேரத் தனிப்பயிற்சி வகுப்புகளில் இந்த விளக்கத்தை எழுதி மாட்டிவைக்க வேண்டும்.

அந்தச் சீனத்திலேயே தனிப்பயிற்சித் தொழில் பெருகி, வீட்டுப்பாடச் சுமையும் பயிற்சிச் சுமையும் குறைய வேண்டும் என்று 2021 ஜூலையில் அரசே கடும் விதிகளைக் கொண்டுவர நேர்ந்தது. இரு கைகளால் அணைக்குமளவு பருத்த மரமும் மயிரிழை போன்ற முளையிலிருந்தே எழுந்தது என்பதைப் பெற்றோர் மறந்துவிட்டால், அதை நினைவூட்டச் சட்டம் வர வேண்டியிருக்கிறது.

ஜுவாங்ட்சுவைத் தொட இன்று நேரம் இடந்தரவில்லை. ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளை மாலை வகுப்புகளுக்கு அனுப்புவதில்லை என்று பெற்றோர் தாமாகவே ஏற்கும் உறுதிமொழிப் படிவங்கள் வாயிலருகே உள்ள மேசையில் இருக்கின்றன. தலைமையாசிரியர் ஐயா முதல் கையொப்பமிட இசைந்திருக்கிறார். அவரைத் தொடர்ந்து நீங்கள் ஒவ்வொருவரும் வந்து கையொப்பமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.