ஆள் பாதி, ஆடை பாதி: ஐரோப்பிய உடை வரலாற்றில் படமும் கேலியும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, மேடையை அணிசெய்யும் பேராசிரியப் பெருமக்களே, கேட்ட தொகுதிகளையெல்லாம் முகம் சுளிக்காமல் எடுத்துத் தந்த நூலகர் அம்மையார் அவர்களே, மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள் நம் பெரியோர். அந்த ஆடைப் பாதியை ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்த விதத்தைக் கூந்தல், கச்சு, பாவாடை என்னும் மூன்று தலைப்புகளில் சொல்ல வந்தேன்.

கூந்தலில் தொடங்குகிறேன். 1771இல் லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் படக்கடை நடத்திய டார்லி தம்பதியர் ஒரு கேலிப் படத்தைச் செப்புத்தகட்டில் செதுக்கி வெளியிட்டனர். சீமாட்டி ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். அவள் கொண்டை கோபுரம்போல் எழும்பி நிற்கிறது. தரையில் நின்றால் கை எட்டாது என்பதால், சிகையலங்காரம் செய்பவர் ஏணிமேல் ஏறி நின்று அதைச் சீர்செய்கிறார். இன்னொருவர் என்ன செய்கிறார் தெரியுமா? நடுக்கடலில் மாலுமிகள் கதிரவனின் உயரத்தைக் கணிக்கும் செக்ஸ்டன்ட் கருவியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு, அந்தக் கொண்டையின் உச்சியை அளந்துகொண்டிருக்கிறார்! ஏழாண்டுகள் கழித்து, 1778இல், பாரிசில் 'கலரி தே மோத்' என்ற புதுப்பாணி உடைப்படங்களின் வரிசை வெளிவரத் தொடங்கியது. அங்கே அதே உயரக் கொண்டை கையால் வண்ணம் தீட்டப்பெற்று, அழகின் சிகரமாக நிற்கிறது. ஆள் பாதி, ஆடை பாதி. அந்த ஆடையிலும் விற்பவர் காட்டியது பாதி, வீதி கண்டது பாதி. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் வரலாறு.

கச்சுக்கு ஒரு சொல்: 1793இல் ஆங்கிலக் கேலிப்பட ஓவியர் கில்ரே வரைந்த படத்தில், மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும் பிரிட்டானியாவை, அதாவது பிரிட்டன் நாட்டின் பெண்ணுருவத்தை, காலால் உதைத்து ஊன்றிக் கச்சை இறுக்குபவர், பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்த எழுத்தாளர் தாமஸ் பெயின். அவர் இளமையில் கற்ற தொழிலே கச்சுத் தைப்பதுதான்.

பாவாடைக்கு நேரம் போதாது. அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு இதழ்களின் வண்ண உடைப்படங்கள் பல, வெட்டியெடுக்கப்பட்டுச் சட்டமிட்டு விற்கப்பட்டன. நான் வாங்கிய தாள் ஒன்றில், சீமாட்டியின் காலடியில் கத்தரி ஓடிய கோணல் கோடு தெரிகிறது. துணியையும் தையலையும் விளக்கிய பக்கம் போனது போனதுதான். நம் நூலகங்களிலும் பழைய தமிழ் இதழ்களைப் பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் நீக்கியிருப்பதைப் பல தொகுதிகளில் கண்டு நெஞ்சு பதைத்தேன். அட்டையில் இருந்தது ஒரு காலத்துப் புடவைக்கட்டு அல்லவா? ஆள் பாதி, ஆடை பாதி என்று சொல்லிக்கொண்டே ஆடைப் பாதியைக் குப்பையில் போடலாமா?

அட்டையோடும் விளம்பரத்தோடும் பைண்டு செய்யக் கோரும் மனு வாயிலருகே மேசையில் இருக்கிறது. அவைத்தலைவர் முதல் கையெழுத்திட இசைந்திருக்கிறார். அவரைத் தொடர்ந்து நீங்கள் ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டுகிறேன்.